அரசின் பொறுப்பில் வளரும் குழந்தைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெற்றோரிடமிருந்து பிரிந்து, அல்லது பிரிக்கப்பட்டு, அரசின் பொறுப்பில் வந்து சேர்ந்த குழந்தைகளை இந்தியாவின் குழந்தைகள் நல அமைப்பு எவ்வாறு நடத்தியிருக்கிறது என்பது குறித்துப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இந்தப் பக்கம் விடை தருகிறது. தமிழ்நாட்டில் நடந்தவற்றுக்கு இதில் கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

அரசின் பொறுப்பில் இருக்கும் குழந்தைகள் அனைவரும் பெற்றோரை இழந்தவர்களா?

இல்லை. ‘அநாதை ஆசிரமம்’ என்று சொல்லிப் பழகிவிட்டதால் அப்படி ஓர் எண்ணம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் நாடு முழுவதும் உள்ள இல்லங்களைக் கணக்கெடுத்து 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் 9,589 இல்லங்களும், அவற்றில் ஏறத்தாழ 3.77 லட்சம் குழந்தைகளும் பதிவாகியிருந்தனர். அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் தாய் அல்லது தந்தை ஒருவர் மட்டும் உள்ள குழந்தைகள். பெற்றோர் இருவரையும் இழந்தவர்கள் அதைவிட மிகக் குறைவு. குற்றம் செய்ததாகக் கூறப்பட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள் 7,422 பேர் மட்டுமே. இல்லங்களில் பத்தில் ஒன்பதைத் தொண்டு நிறுவனங்களே நடத்திவந்தன.

சட்டம் இவர்களை இரு வகையாகப் பிரிக்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள் என்போர் குழந்தைகள் நலக்குழுவின் முன் நிறுத்தப்பட்டுக் குழந்தைகள் இல்லங்களுக்கு அனுப்பப்படுகிறார்கள். சட்டத்துடன் முரண்பட்ட குழந்தைகள் என்போர் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்டு, விசாரணைக் காலத்தில் கூர்நோக்கு இல்லத்திலும் அதன்பின் தேவைப்பட்டால் சிறப்பு இல்லத்திலும் வைக்கப்படுகிறார்கள். தாளில் இந்தப் பிரிவினை தெளிவாக இருக்கிறது. ஆனால் தெருவில் தனியாகத் திரிந்த சிறுவன் பசிக்கு ஒரு கடையில் கைவைத்தானா இல்லையா என்பதைப் பொறுத்தே அவன் எந்த வாசலில் நுழைவான் என்பது பல வேளைகளில் முடிவாகிறது.

இந்த அமைப்பு எப்போது, எதற்காகத் தொடங்கியது?

1850ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம்தான் தொடக்கம் எனலாம். ஆதரவற்ற சிறாரையும் சிறு குற்றங்களில் பிடிபட்ட சிறாரையும் ஏதாவது ஒரு தொழில் கற்றுக்கொள்ளுமாறு ஒருவரிடம் ஒப்படைக்க அது வழிசெய்தது. அடுத்து 1876லும் 1897லும் சீர்திருத்தப் பள்ளிச் சட்டங்கள் வந்தன. 1919–20இல் இந்தியச் சிறைகளை ஆராய்ந்த குழு, சிறாரைப் பெரியவர்களோடு சேர்த்து அடைக்கக் கூடாது என்று பரிந்துரைத்ததைத் தொடர்ந்து, நாட்டிலேயே முதன்முதலாக 1920இல் சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டத்தை இயற்றியது. வங்காளம் 1922லும் பம்பாய் 1924லும் பின்தொடர்ந்தன.

முன்னோடி என்று நாம் பெருமை கொள்வதில் தவறில்லை. ஆனால் இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: ஆதரவற்ற குழந்தைக்கான ஏற்பாடு சிறையைச் சீர்திருத்தும் முயற்சியின் கிளையாகவே பிறந்தது. உயரமான சுற்றுச்சுவர், பூட்டிய வாசல், மணியடித்ததும் வரிசை, ஒரே நிறச் சீருடை, காலையும் மாலையும் தலைக்கணக்கு என்ற பழக்கங்கள், பசித்த குழந்தையை மனத்தில் வைத்து யாரும் யோசித்து உருவாக்கியவை அல்ல. தப்பி ஓடாமல் பார்த்துக்கொள்வதே முதல் கடமை என்று கருதிய நிர்வாகத்திடமிருந்து அவை கைமாறி வந்தவை. ஒரு குழந்தை இல்லத்தைவிட்டு ஓடிப்போனால் கண்காணிப்பாளரிடம் விளக்கம் கேட்கப்படுகிறது. ஒரு குழந்தை மூன்று மாதமாக யாரிடமும் பேசவில்லை என்றால் எந்தப் பதிவேட்டிலும் அது ஏறுவதில்லை.

1986, 2000, 2015 என்று மூன்று முறை சட்டம் மாறியதே, என்ன மாறியது?

விடுதலைக்குப் பிறகும் நெடுங்காலம் மாநிலத்துக்கு ஒரு சட்டம் என்றுதான் இருந்தது. சில மாநிலங்களில் சட்டமே இல்லை. சிறைகளில் அடைக்கப்பட்டிருந்த பதினாறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காகப் பத்திரிகையாளர் ஷீலா பார்சே தொடுத்த வழக்கில், நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் தேவை என்று உச்ச நீதிமன்றம் 1986இல் வலியுறுத்தியது. அதே ஆண்டில் சிறார் நீதிச் சட்டம் வந்தது. அது ஆண் குழந்தைக்கு 16, பெண் குழந்தைக்கு 18 என்று வயதெல்லை வைத்தது. ‘புறக்கணிக்கப்பட்ட சிறார்’ என்றும் ‘குற்றம் புரிந்த சிறார்’ என்றும் பெயரிட்டது.

ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை 1992 டிசம்பரில் இந்தியா ஏற்றதன் விளைவாக வந்த 2000ஆம் ஆண்டுச் சட்டம், இருபாலருக்கும் 18 வயது என்று பொதுவாக்கியது. குழந்தைகள் நலக்குழு என்ற அமைப்பும் அப்போதுதான் உருவானது. இன்று நடைமுறையில் இருப்பது 2016 ஜனவரி 15 முதல் செயலுக்கு வந்த இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015. குழந்தையை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதை அது தன் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்றாக மூன்றாம் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு சட்டமும் முந்தையதைவிட நல்ல சொற்களைக் கொண்டுவந்தது என்பதை மறுக்க முடியாது. கட்டடங்கள் பெரும்பாலும் அவையேதான்.

ஒரு குழந்தையை இல்லத்தில் சேர்ப்பதென்று யார் முடிவு செய்கிறார்கள்?

குழந்தைகள் நலக்குழு. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இக்குழுவில் குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும். மாதம் 20 நாட்களேனும் அது கூட வேண்டும். நீதித்துறை நடுவர் அமர்வுக்குரிய அதிகாரம் அதற்கு உண்டு. கண்டெடுக்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்த வேண்டும். குழந்தையின் குடும்பப் பின்னணியை அறியும் சமூக விசாரணை 15 நாட்களில் முடிய வேண்டும்; முதன்முதலில் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் இறுதி ஆணை வர வேண்டும்.

இவ்வளவு அதிகாரம் கொண்ட குழுவின் நாற்காலிகளே பல மாவட்டங்களில் காலியாக இருந்தன என்பதுதான் இதன் துயரம். சம்பூர்ணா பெஹுரா தொடுத்த வழக்கில் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நலக்குழுக்களிலும் நீதிக் குழுமங்களிலும் குழந்தை உரிமைகள் ஆணையங்களிலும் உள்ள காலியிடங்களை நிரப்புமாறு மாநிலங்களுக்கு ஆணையிட வேண்டியிருந்தது. குழு முழுமையாக இல்லாத மாவட்டத்தில் கோப்பு காத்திருக்கும். கோப்பு காத்திருக்கும் வரை குழந்தையும் இல்லத்தில் காத்திருக்கும்.

தாயோ தந்தையோ உயிருடன் இருக்கும்போது குழந்தை ஏன் இல்லத்தில் வளர வேண்டும்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்பது எமது கருத்து. கணவரை இழந்த, அல்லது கணவர் விட்டுச் சென்ற ஒரு பெண், கட்டட வேலைக்கோ வீட்டு வேலைக்கோ விடியற்காலையில் கிளம்பிப் போக வேண்டியிருக்கிறது. வாடகை வீட்டில் வயது வந்துகொண்டிருக்கும் மகளைத் தனியே விட்டுச் செல்ல அவருக்கு மனமில்லை. ஊரில் யாரோ ஒருவர், ‘அங்கே சேர்த்துவிட்டால் மூன்று வேளைச் சோறும் படிப்பும் கிடைக்கும்’ என்று ஓர் இல்லத்தின் முகவரியைத் தருகிறார். அந்தத் தாயின் பார்வையில் அது விடுதி. அரசின் பதிவேட்டில் அந்தக் குழந்தை பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. இல்லத்தை நடத்துபவருக்கோ நன்கொடையாளரிடம் காட்டுவதற்கான ஒரு தலை. மூவரும் ஒரே குழந்தையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதே சில வேளைகளில் மறந்துபோகிறது.

இதற்குச் சட்டத்திலேயே மாற்று இருக்கிறது. குடும்பத்தோடு இருக்கும் குழந்தைக்கு மாதந்தோறும் பணம் தரும் நிதி ஆதரவுத் திட்டம் அது. மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் இத்தொகை மாதம் 4,000 ரூபாய். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இத்தகைய உதவியைக் குடும்பத்தின் கையிலேயே விரைந்து சேர்க்க முடியும் என்பதைப் பெருந்தொற்றுக் காலம் காட்டியது. கொரோனாவில் பெற்றோரை இழந்த குழந்தைக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், உறவினர் வீட்டில் வளர்ந்தால் மாதம் 3,000 ரூபாயும் வழங்குவதாகத் தமிழ்நாடு அரசு 2021 மே மாதத்தில் அறிவித்தது. 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டம், நோயின் பெயர் பார்க்காமல், பெற்றோரை இழந்த வறிய குழந்தைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. வறுமையால் பிரியும் குடும்பத்துக்கு மருந்து கட்டடம் அல்ல என்பதை அரசே ஒப்புக்கொண்டதாக இவற்றை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விண்ணப்பம், வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, கள ஆய்வு என்று நான்கு படி ஏற வேண்டிய உதவியைவிட, கதவு திறந்திருக்கும் இல்லம் அந்தத் தாய்க்கு இன்றும் எளிதாகவே தெரிகிறது.

தொட்டில் குழந்தைகளும் இதில் சேருவார்களா? அவர்களைத் தத்துக் கொடுத்துவிடலாமே?

சேருவார்கள். பெண் சிசுக்கொலையைத் தடுப்பதற்காக 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம், 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் பின்னர் வேறு சில மாவட்டங்களுக்கும் விரிந்தது. அரசு வைத்த தொட்டில்களில் விடப்பட்ட பச்சிளங்குழந்தைகள், தத்துக் கொடுக்கும் அமைப்புகளான தத்துவள மையங்கள் வழியாகக் குடும்பங்களைச் சென்றடைந்தனர். உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பதில் ஐயமில்லை. பெண் பிள்ளை வேண்டாம் என்ற முடிவைத் தொட்டில் எளிதாக்கிவிட்டது என்ற விமரிசனமும் தொடக்கத்திலிருந்தே உண்டு. அதுவும் புறந்தள்ளக்கூடியது அன்று.

ஆனால் இல்லங்களில் உள்ள வளர்ந்த குழந்தைகளைப் பொறுத்தவரை தத்து என்பது பெரும்பாலும் பொருந்தாத விடை. தத்துக்குரியவர் என்று நலக்குழு அறிவித்த குழந்தையை மட்டுமே தத்துக் கொடுக்க முடியும். தாய் உயிருடன் இருந்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து பார்த்துச் செல்லும் குழந்தையை யாரும் அப்படி அறிவிக்க முடியாது, அறிவிக்கவும் கூடாது.

இல்லங்களில் நடந்த கொடுமைகள் குறித்து நீதிமன்றம் என்ன செய்தது?

தமிழ்நாட்டிலிருந்தே தொடங்கலாம். மாமல்லபுரம் பகுதியில் ஆதரவற்றோர் இல்லம் என்ற பெயரில் இயங்கிய இடங்களில் குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாவதாக ஓர் இதழில் வெளியான கட்டுரை உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. அதையே 2007இல் பொதுநல வழக்காக நீதிமன்றம் ஏற்றது. ‘தமிழ்நாட்டு ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுதல்’ என்ற பொருளுடைய தலைப்பில் அந்த வழக்கு பத்தாண்டுகள் நடந்து நாடு தழுவியதாக விரிந்தது. 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் லோகுரும் தீபக் குப்தாவும் தீர்ப்பளித்தனர். எல்லா இல்லங்களையும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்ய வேண்டும், ஆய்வுக் குழுக்களை அமைக்க வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும், சமூகத் தணிக்கை (இல்லங்களின் உண்மை நிலையை வெளியாட்கள் ஆராய்வது) நடத்த வேண்டும், இல்லத்தில் வைப்பதற்கு மாற்று வழிகளை முதலில் பார்க்க வேண்டும் என்பன அதன் முக்கிய ஆணைகள்.

அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. 2016–17 கணக்கெடுப்பில் இல்லங்களில் சுமார் 4.73 லட்சம் குழந்தைகள் இருந்ததாகத் தெரிவிக்கப்பட்டிருந்தது. 2018இல் அரசு தந்த கணக்கில் அது 2.61 லட்சமாக இருந்தது. மீதி இரண்டு லட்சம் குழந்தைகள் எங்கே என்று நீதிமன்றம் கேட்டது. முதல் விடையில் நாம் சொன்ன 3.77 லட்சத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ ஒரே காலகட்டத்துக்கு மூன்று எண்கள் கிடைக்கின்றன. மானியத்துக்காகத் தலைகளைக் கூட்டிக் காட்டிய இல்லங்கள் இருந்திருக்கலாம், பதிவு செய்யாமல் மூடிய இல்லங்களும் இருந்திருக்கலாம். எப்படியிருந்தாலும், தன் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாத பாதுகாவலரை நாம் குடும்பத்தில் என்ன பெயரிட்டு அழைப்போம் என்று கேட்கத் தோன்றுகிறது.

அரசு அலுவலர்கள் ஆய்வுக்குப் போகிறார்களே, பிறகு எப்படிக் கொடுமைகள் மறைந்திருந்தன?

இதற்குப் பீகாரின் முசாபர்பூர் தரும் விடையைவிடத் தெளிவான விடை இல்லை. அங்கே சிறுமிகளுக்கான ஓர் இல்லத்தை அரசு நிதியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திவந்தது. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ‘கோஷிஷ்’ குழுவினர், மாநில அரசு கேட்டுக்கொண்டபடி பீகாரின் 110 இல்லங்களில் சமூகத் தணிக்கை நடத்தி 2018இல் அறிக்கை அளித்தார்கள். அதில் 17 இல்லங்களின் நிலைமை கடுமையாகச் சுட்டப்பட்டிருந்தது. முசாபர்பூர் இல்லத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட சிறுமிகள் பாலியல் வன்முறைக்கு உள்ளானது தெரியவந்தது. மே மாத இறுதியில் வழக்குப் பதிவாகி, பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. மற்ற இல்லங்கள் தொடர்பாக மாநிலக் காவல்துறை மென்மையாக வழக்குப் பதிந்ததைக் கண்டித்த உச்ச நீதிமன்றம், 2018 நவம்பரில் அவற்றையும் அதே துறைக்கு மாற்றியது. விசாரணை தில்லிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 2020 ஜனவரியில் 19 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. இல்லத்தை நடத்தியவருக்கு ஆயுள் முடியும் வரை சிறை விதிக்கப்பட்டது.

தண்டிக்கப்பட்டவர்களின் பட்டியலைப் படிக்கும்போதுதான் கேள்விக்கு விடை கிடைக்கிறது. அந்த மாவட்டத்தின் குழந்தைகள் நலக்குழுத் தலைவராக இருந்தவரும், குழு உறுப்பினர் ஒருவரும், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் ஒருவரும் அதில் இருந்தார்கள். அதாவது, அந்தச் சிறுமிகள் எவரிடம் புகார் சொல்ல வேண்டும் என்று சட்டம் சொன்னதோ, அவர்களில் சிலரே குற்றவாளிகளாக இருந்தார்கள். ஆய்வு நடக்காமல் இல்லை. சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும், ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் உட்பட மூவருக்குக் குறையாத குழு வந்து பார்க்க வேண்டும். ஆனால் வருகிறவர் அலுவலக அறையில் அமர்ந்து, வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, உணவுப் பட்டியல் என்று புரட்டிப் பார்த்து, அளிக்கப்பட்ட தேநீரைக் குடித்துவிட்டுக் கையொப்பமிட்டுச் சென்றால், அவர் பார்த்தது காகிதத்தை. தணிக்கைக் குழுவினர் செய்தது பெரிய புலனாய்வு அன்று: அவர்கள் குழந்தைகளோடு அமர்ந்து பேசினார்கள்.

தமிழ்நாட்டில் அரசே நேரடியாக நடத்தும் இல்லங்கள் பாதுகாப்பானவையா?

அரசு நடத்துகிறது என்பதே பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. 2022 டிசம்பர் இறுதியில், சிறு திருட்டு வழக்கில் பிடிக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் செங்கல்பட்டு அரசுக் கூர்நோக்கு இல்லத்தில் சேர்க்கப்பட்ட ஓரிரு நாட்களில் உயிரிழந்தான். அடித்துக் கொன்றதாகக் கண்காணிப்பாளர் உள்ளிட்ட ஊழியர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டனர். இதையடுத்து இத்தகைய இல்லங்களைச் சீரமைப்பது குறித்து ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை மாநில அரசு 2023இல் அமைத்தது; அந்த ஆண்டு நவம்பரில் அவர் அறிக்கையை முதலமைச்சரிடம் அளித்தார். நெடுங்காலம் சமூகப் பாதுகாப்புத் துறை என்று அழைக்கப்பட்ட துறை இப்போது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை என்ற பெயரில் இயங்குகிறது.

கொடுமை என்று சொல்ல முடியாத, ஆனால் அதே அளவு ஆபத்தான அலட்சியமும் உண்டு. 2020 ஜூனில் சென்னை இராயபுரத்தில் உள்ள அரசுச் சிறுவர் இல்லத்தில் 35 பேருக்குக் கொரோனா தொற்று உறுதியானது. நெரிசலைக் குறைக்குமாறு உச்ச நீதிமன்றம் அந்த ஏப்ரலிலேயே தானாக முன்வந்து ஆணையிட்டிருந்ததால், தமிழ்நாடு அரசிடம் விளக்கம் கேட்டது. 2022 அக்டோபரில் திருப்பூரில் ஒரு தனியார் இல்லத்தில் உணவு ஒவ்வாமல் மூன்று சிறுவர்கள் இறந்தனர். அந்த இல்லம் மூடப்பட்டு, எஞ்சிய சிறுவர்கள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டனர்.

இல்லத்தில் இருக்கும் குழந்தை புகார் செய்ய வழி இருக்கிறதா?

விதிகளின்படி இருக்கிறது. 6 முதல் 10, 11 முதல் 15, 16 முதல் 18 என்று வயதுவாரியாகக் குழந்தைகள் குழுக்கள் அமைக்க வேண்டும். எல்லோருக்கும் எட்டும் இடத்தில் ஆலோசனைப் பெட்டி வைக்க வேண்டும். அதன் சாவி இல்ல ஊழியர்களிடம் இருக்கக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். 1996இல் மும்பையில் தொடங்கிய அந்தச் சேவை 2023 முதல் அரசின் நேரடிப் பொறுப்பில் நடைபெறுகிறது. இல்லத்தில் பணிபுரிபவர் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்று 75ஆம் பிரிவு சொல்கிறது. ஒழுங்குபடுத்துவதற்காக அடித்தேன் என்றால் 82ஆம் பிரிவின்கீழ் முதல் முறை 10,000 ரூபாய் அபராதத்தோடு போகலாம். கைநீட்டிய ஊழியர் எந்தப் பிரிவைத் தமக்குப் பொருத்தமானதாகக் கருதுவார் என்று ஊகிக்கப் பெரிய சட்ட அறிவு வேண்டியதில்லை.

புகார் எழுதிய குழந்தை அன்று இரவும் அதே இல்லத்தில், அதே ஊழியரின் பார்வையில்தான் படுத்துறங்க வேண்டும். தொலைபேசி கண்காணிப்பாளர் அறையில்தான் இருக்கிறது. பெட்டியில் சீட்டுகள் இல்லை என்பதை நல்ல நிர்வாகத்தின் அடையாளமாக எழுதி வைக்கும் ஆய்வறிக்கைகளை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும்.

குழந்தைகள் விற்கப்பட்டதாகச் செய்திகள் வந்தனவே, அவை உண்மையா?

ஆம். சென்னையை அடுத்த திருவேற்காட்டில் இயங்கிய ஒரு தத்து நிறுவனத்தின் வழியாக, 1990களின் பிற்பகுதியில் ஏழை மக்கள் வாழும் பகுதிகளிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள் போலி ஆவணங்களோடு வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டது 2005இல் வெளிச்சத்துக்கு வந்தது. பின்னர் அதை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது. 2021இல் மதுரையில் ஒரு காப்பகம், தன்னிடம் இருந்த ஒரு வயதுக் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாக ஆவணம் காட்டியது. குழந்தை விற்கப்பட்டிருப்பதாகக் காவல்துறை கண்டறிந்து மீட்டது. இத்தகைய விற்பனைக்கு இன்றைய சட்டம் ஐந்தாண்டு வரை கடுங்காவல் தண்டனை வைத்திருக்கிறது. குழந்தையைப் பொறுப்பில் வைத்திருந்தவரே விற்றால் அது மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகும்.

இல்லங்களை மூடிவிட்டு எல்லாக் குழந்தைகளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன?

ஒருமுறை அப்படி முயன்றதுண்டு. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரம், மிசோரம், மேகாலயம் ஆகிய எட்டு மாநிலங்களில்தான் நாட்டின் இல்லக் குழந்தைகளில் பத்தில் ஏழு பேர் இருக்கிறார்கள் என்று கூறி, அவர்களை நூறு நாட்களுக்குள் குடும்பங்களிடம் சேர்க்குமாறு தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2020 செப்டம்பரில் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது. குடும்பமே நல்லது என்ற கொள்கையில் குற்றம் காண முடியாது. ஆனால் அது பெருந்தொற்றுக் காலம். வேலை போய், கடன் ஏறி, பல வீடுகளில் அடுப்பெரிவதே அரிதாகியிருந்தது. குடிகாரத் தந்தைக்கும் மாற்றுத்திறனாளித் தாய்க்கும் ஒரே கால அட்டவணையைப் பொருத்த முடியாது. ஒவ்வொரு குழந்தையின் நிலையையும் தனித்தனியே பார்த்து நலக்குழுதான் முடிவெடுக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். வீடு திரும்பிய குழந்தையின் கல்விக்கு மாதம் 2,000 ரூபாய் தர வேண்டும் என்றும் 2020 டிசம்பரில் ஆணையிட்டது. கடிதம் போட்டுக் குழந்தையைத் திருப்பி அனுப்புவதும், கடிதம் போட்டுக் குழந்தையைச் சேர்த்துக்கொள்வதும் ஒரே மனப்பாங்கின் இரு முகங்கள் என்றே எமக்குத் தோன்றுகிறது. இரண்டிலும் யாரும் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதில்லை.

வளர்ப்புக் குடும்பத்தில் வைப்பது இல்லத்தைவிட நல்லதா?

சிறு வயதில் மிகவும் நல்லது என்பதற்கு வலுவான சான்று ருமேனியாவிலிருந்து கிடைத்தது. புகாரெஸ்ட் நகரில் காப்பகங்களில் இருந்த 136 மழலைகளைச் சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சியும் மனப்பிணைப்பும் காப்பகத்தில் தங்கியவர்களைவிட மேம்பட்டிருந்தன. எவ்வளவு இளவயதில் போனார்களோ அவ்வளவு நன்மை இருந்தது. இந்தியச் சட்டம் இதற்கு 44ஆம் பிரிவில் இடம் தருகிறது. ஆயினும் நம் ஊரில் இது வேர்பிடிக்கவில்லை. உறவினர் பிள்ளையை வளர்ப்பது நமக்குப் புதிதல்ல. சாதி தெரியாத பிள்ளையை, அதுவும் நாளை திருப்பித் தர வேண்டிய பிள்ளையை, வீட்டுக்குள் ஏற்கத் தயங்குவோரே அதிகம்.

பாதிக்கப்பட்ட குழந்தைகளின் பெயர்கள் இப்பக்கத்தில் ஏன் இல்லை?

பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதைச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

18 வயது ஆனதும் அந்தக் குழந்தை எங்கே போகிறது?

சட்டத்தில் அதற்குப் பிற்காப்பு என்று பெயர். இல்லத்தைவிட்டு வெளியேறுபவர் 21 வயது வரையிலும், விதிவிலக்கான நிலையில் மேலும் இரண்டு ஆண்டுகளும் உதவி பெறலாம். தங்குமிடம், தொழிற்பயிற்சி, பண உதவி ஆகியவை இதில் அடங்கும். நடைமுறையில் பதினெட்டாம் பிறந்த நாள் என்பது ஒரு பெட்டியோடு வாசலில் நிற்கும் நாளாகவே பலருக்கு அமைந்தது. குடும்ப அட்டையில் பெயர் இல்லை. இருப்பிடச் சான்றுக்குக் காட்ட முகவரி இல்லை. வாடகைக்கு வீடு கேட்டால் ‘சொந்த ஊர் எது, யார் பிள்ளை’ என்ற கேள்விக்கு விடை இல்லை. பெண்களுக்கு அவசரமாகத் திருமணம் பேசி முடிப்பதே மறுவாழ்வு என்று கருதிய நிர்வாகங்களும் உண்டு.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதை வெளியில் இருப்பவர்கள் அறிவதில்லை. பிறப்புச் சான்றோ பள்ளிச் சான்றோ இல்லாமல் வந்த குழந்தையின் வயதை, தோற்றத்தைப் பார்த்தோ எலும்பு வளர்ச்சிச் சோதனை செய்தோ நலக்குழு எழுதுகிறது. 94ஆம் பிரிவின்படி, இந்தச் சட்டத்தின் நோக்கங்களுக்கு அவ்வாறு எழுதப்பட்ட வயதே உண்மையான வயது. அத்தகைய மருத்துவச் சோதனையில் இருபுறமும் இரண்டு ஆண்டுகள் வரை பிழை நேரலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1982லேயே ஏற்றிருக்கிறது. ஆறு வயதில் இரயில் நிலையத்தில் கண்டெடுக்கப்பட்ட சிறுவனுக்கு அன்று எட்டு என்று எழுதிவிட்டால், பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கும்போதே அவனுடைய கோப்பில் பதினெட்டு வயது முடிந்துவிடும்.